தோட்ட ஜீப்புக்கு மாற்று கியர்பாக்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, எந்த வழியாக மலை ஏறினாலும் சரி, மேலே போய் ஜீப் வைத்திருக்கிற யாரிடமாவது கியர்பாக்ஸ் பேச்சை எடுத்தால் "அஞ்சு கியர் பெட்டி போட்டுடுங்கண்ணே, வண்டி பறக்கும்" என்றுதான் முதலில் சொல்வார்கள். பறக்கட்டும். ஆனால் சாந்தம்பாறை, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்டத்துக்குள் ஆள் ஏற்றி, உரம் ஏற்றி, பச்சை ஏலக்காய் மூட்டை இறக்கிப் பிழைக்கிற வண்டிக்கு ஐந்தாவது கியர் எதற்கு? அந்த வண்டிக்கு வேண்டியது நல்ல தாழ்ந்த முதல் கியர், இறக்கத்தில் கழன்று வராத இரண்டாவது கியர், அப்புறம் உடைந்தால் ஒரு நாளில் சாமான் கிடைக்கிற பெட்டி. வாங்கும்போது இந்த மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள்.

பழைய மஹிந்திரா ஜீப்புகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். சி.ஜே 3பி, சி.ஜே 500, எம்.எம் 540, 550, கமாண்டர், மேஜர், இந்த வகைகள். புது தார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. அந்த வண்டிக்கு அதே மாடல், அதே இன்ஜின், அதே வருஷத்துப் பெட்டியைத் தேடி மாட்டுவதுதான் வழி. அதில் வித்தை காட்டப் போனால் வயரிங், சென்சார் என்று வேறு தலைவலிகள் வரும்.

முதலில், போனது கியர்பாக்ஸ்தானா?

பட்டறையில் வண்டியை விட்டதும் "பெட்டி போச்சு" என்று சொல்வது சுலபம், இறக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்பதும் உண்மை. ஆனால் இறக்குவதற்கு முன்பே நாமே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

வண்டியை நியூட்ரலில் நிறுத்தி இன்ஜினை ஓடவிடுங்கள். கிளட்சை மிதிக்காதபோது சத்தம் இருந்து மிதித்ததும் நின்றுவிட்டால் டாப் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து பெட்டிக்குள் பவரைக் கொண்டுவரும் ஷாஃப்ட்) பேரிங் அல்லது லே ஷாஃப்ட் (பெட்டிக்குள் கியர்களுக்குப் பவரைக் கடத்தும் ஷாஃப்ட்) ஊசி உருளைகளைச் சந்தேகப்படலாம். மாறாக, மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் அது கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங், சில சமயம் டாப் ஷாஃப்டின் நுனியைத் தாங்குகிற பைலட் பேரிங். இதற்குப் பெட்டி வாங்கத் தேவையே இல்லை. ஓட்டும்போது எல்லாக் கியரிலும் இரைச்சல், டாப் கியரில் மட்டும் அமைதி என்றால் லே ஷாஃப்ட் பக்கம் தேய்மானம், ஏனென்றால் டாப்பில் பவர் லே ஷாஃப்ட் வழியாகப் போகாமல் நேராகப் போகிறது. ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்தக் கியரின் பல்தான்.

டாப் உட்பட எல்லாக் கியரிலும் ஒரே மாதிரி ஊளை விடுகிறது என்றால் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள், அது டிரான்ஸ்பர் கேஸாக (பவரை முன், பின் வீல்களுக்குப் பிரித்து, ஹை, லோ மாற்றுகிற பெட்டி) இருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஜீப்புகளில் இருக்கிற டானா 18 வகை டிரான்ஸ்பர் கேஸில் ஹை போட்டாலும் பவர் நேராகப் போகாது. மெயின் ஷாஃப்டில் இருக்கும் கியரிலிருந்து நடுவில் உள்ள இன்டர்மீடியேட் கியருக்கு இறங்கி, அங்கிருந்து பின் ஷாஃப்டுக்குப் போகும். அதனால் அந்த நடு ஷாஃப்டும் அதன் ஊசி பேரிங்கும் வண்டி ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் தேய்கின்றன. ஒரு ஷாஃப்டும் பேரிங் செட்டும் மாற்றினால் தீர்ந்துபோகிற சத்தத்துக்கு முழு கியர்பாக்ஸைத் தூக்கிப் போட்டவர்கள் இந்த மலையில் நிறையப் பேர்.

கியர் விழும்போது கரகரவென்று அரைக்கிறதா? கிளட்சை முழுசாக மிதித்து, பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் அரைத்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை. பெடல் சரிபார்ப்பு, சிலிண்டர், கேபிள், பிளேட் என்று அந்தப் பக்கம் போங்கள். பத்து எண்ணினால் அமைதியாக விழுகிறது, ஓட்டத்தில்தான் அரைக்கிறது என்றால் சிங்க்ரோ ரிங் (கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்துகிற பித்தளை வளையம்).

கியர் தானாகக் கழன்று வருவது வேறு விஷயம், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய மூன்று கியர் டி-90 பெட்டியில் இரண்டாவது கியர் கழல்வது தெரிந்த சீக்கு. ஏற்றத்தில் பெரும்பாலும் கழலாது. ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது வீல் இன்ஜினைத் தள்ளும், பல்லில் அழுத்தம் எதிர்ப்பக்கம் மாறும், அப்போதுதான் லிவர் 'டக்' என்று நியூட்ரலுக்கு வரும். முழு லோடோடு போடிமெட்டில் கீழே இறங்கும்போது இது நடந்தால் இன்ஜின் பிடிப்பு அந்த நொடியே போய், மிச்சம் இருப்பது நான்கு டிரம் பிரேக் மட்டும்தான். லிவரைத் தொடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிற டிரைவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதை ஒரு திறமை மாதிரி பேசுவார்கள். தயவுசெய்து அந்த வண்டியில் ஆள் ஏற்றாதீர்கள்.

கழல்வதற்கும் பெட்டியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பெட்டியை பெல் ஹவுசிங்கோடு பிடிக்கிற போல்ட் தளர்ந்து பெட்டி நூலிழை சாய்ந்திருந்தாலே கழலும். மேல் மூடியில் இருக்கிற ஷிஃப்ட் ரெயிலின் குண்டும் ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கலாம், ஃபோர்க் வளைந்திருக்கலாம், இன்ஜின் மவுண்ட் ரப்பர் செத்திருக்கலாம். இவை எல்லாம் சில்லறை வேலை. இவற்றைச் சரிசெய்தும் கழன்றால் உள்ளே ஹப்பும் ஸ்லீவும் தேய்ந்திருக்கின்றன, மெயின் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஆயிலை வடித்துப் பாருங்கள். பித்தளைப் பொடி மினுமினுவென்று கொஞ்சம் இருந்தால் வயதான பெட்டிக்கு அது சகஜம். காந்தத்தில் இரும்புச் சில்லு ஒட்டினால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. டீ நிறத்தில் கலங்கி வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓடையில் இறங்கி ஏறுகிற வண்டிகளில் இது வருவது வழக்கம். பிரீதர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே உறிஞ்சுவது சீல் வழியாகத்தான்.

உங்கள் பாதைக்கு எவ்வளவு தாழ்ந்த கியர் வேண்டும்

இந்தக் கணக்கைப் பெரும்பாலான ஆட்கள் போடுவதே இல்லை. முதல் கியரின் விகிதத்தை டிரான்ஸ்பர் கேஸ் லோ விகிதத்தால் பெருக்கி, வருவதை கிரவுன்-பினியன் (டிஃப்ரென்ஷியலில் இருக்கிற கியர் ஜோடி) விகிதத்தால் பெருக்கினால், இன்ஜின் எத்தனை சுற்று சுற்றினால் வீல் ஒரு சுற்று சுற்றும் என்று தெரிந்துவிடும்.

சி.ஜே 3பி-யை எடுத்துக்கொள்வோம். டி-90 பெட்டியின் முதல் கியர் 2.798. டானா 18 லோ 2.46. கிரவுன்-பினியன் 5.38, அதாவது 43 பல்லுக்கு 8 பல். பெருக்கினால் கிட்டத்தட்ட 37. இன்ஜின் 750 சுற்றில் ஐடிலில் ஓடினால், 6.00-16 டயரில் வண்டி மணிக்கு 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகரும். ஆள் நடக்கிற வேகத்தைவிடக் குறைவு. இப்போது முதல் கியர் 4.0 இருக்கிற ஒரு நாலு கியர் பெட்டியை அதே வண்டியில் போட்டால் கணக்கு 53 ஆகிறது, வேகம் 2 கிலோமீட்டருக்கும் கீழே வருகிறது. கல்லுப்பாதையில் ஹாஃப் கிளட்சில் வைத்து அலைக்கழிக்காமல் வண்டி தானாக ஊர்ந்து ஏறுவதும், இறங்கும்போது பிரேக்கைத் தொடாமல் இன்ஜினே பிடிப்பதும் இந்த எண்ணில்தான் இருக்கிறது.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகிற பாதையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மலை தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில்; ஜீப் பாதை மட்டும் கேரளா வழியாக. அந்தப் பாறைப் படிகளில் எந்த வண்டியில் கிளட்ச் பிளேட் கருகுகிற வாசனை வருகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் முதல் கியர் உயரமாக இருக்கிற வண்டி, அல்லது லோ போடச் சோம்பல்படுகிற டிரைவர்.

உங்கள் வண்டியில் கிரவுன்-பினியன் என்ன விகிதம் என்று தெரியாவிட்டால் கழற்ற வேண்டாம். முன் வீலுக்குக் கல் முட்டுக்கொடுத்து, ஃபோர் வீல் டிரைவை விலக்கிவிட்டு, நியூட்ரலில் பின் இரண்டு வீலையும் தூக்கி, ஆக்ஸிலுக்குப் போகிற ஜாயின்ட் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு, இரண்டு வீலையும் ஒன்றாகச் சரியாக ஒரு சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். ஐந்தே கால் தாண்டினால் 5.38, ஐந்துக்குக் கொஞ்சம் குறைந்தால் 4.88, நாலே கால் என்றால் 4.27. இரண்டு வீலும் சேர்ந்து சுற்ற வேண்டும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மட்டும் சுற்றினால் பாதிதான் வரும், அதை நம்பி வாங்கினால் எல்லாம் தப்பாகும். முன் ஆக்ஸிலையும் தனியாகப் பார்த்துவிடுங்கள். பலரிடம் கைமாறி வந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு விகிதம் இருந்தால், ஃபோர் வீல் போட்ட நேரமெல்லாம் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொள்ளும், நீங்கள் கியர்பாக்ஸை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

அப்போ ஐந்து கியர் யாருக்கு? வாரத்தில் பாதி நாள் கம்பம், தேனி, மதுரை என்று கீழே சமவெளியில் ஓடுகிறவர்களுக்கு. 5.38 ஆக்ஸிலில் டாப் நேர் கியர் என்றால் 60 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் சுமார் 2,350 சுற்று ஓடும். 0.85 ஓவர்டிரைவ் (இன்ஜினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றுகிற கியர்) இருந்தால் அது 2,000-க்கு இறங்கும். காதுக்கும் நல்லது, டீசலுக்கும் நல்லது. வண்டியின் வேலையே கட்டப்பனை, புற்றடி, அணக்கரை என்று மலைக்குள்தான் என்றால் அந்த ஐந்தாவது கியரை மாதத்தில் எத்தனை தரம் போடுவீர்கள் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிடைக்கிற பெட்டிகள்

டி-90. மூன்று கியர், இரும்புக் கூடு, முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி நின்றால்தான் முதல் கியர், அல்லது டபுள் கிளட்ச் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வில்லிஸ் காலத்து வடிவம். அந்தக் காலத்து ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின் உயரம் என்பதால்தான் சி.ஜே 3பி-யின் பானட் அப்படித் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இன்று அந்த பானட்டுக்குக் கீழே பெரும்பாலும் டீசல்தான் இருக்கிறது. டி-90 எளிமையான பெட்டி, நல்ல மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோர்ப்பார். வண்டியைப் பழைய அமைப்பிலேயே வைத்திருக்க ஆசைப்படுகிறவர்களும், தோட்டத்துக்குள்ளேயே மெதுவாக ஓட்டுகிறவர்களும் இதையே நன்றாகப் பழுது பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் இடையில் இருக்கிற பெரிய பள்ளம் மட்டும் லோடு ஏற்றினால் உறுத்தும். முதலில் கத்தும், இரண்டாவதில் மூச்சு வாங்கும்.

கே.எம்.டி 90, நாலு கியர். எம்.எம் 540 வரிசையிலும் அதற்குப் பிறகும் நிறைய ஓடியது. மலை வேலைக்கு என்னைக் கேட்டால் இதுதான். அந்தப் பள்ளத்தை ஒரு கியர் நிரப்புகிறது, பழைய டிரான்ஸ்பர் கேஸோடு சேர்ந்தே வந்த பெட்டி என்பதால் செட்டாகக் கிடைக்கிறது, மேஸ்திரிகளுக்குப் பழக்கம். வேறு மாடல் வண்டியில் இருந்து வந்ததா என்பதை மட்டும் பார்க்க வேண்டும், அதை அடுத்துச் சொல்கிறேன்.

பி.ஏ 10, ஐந்து கியர், பியூஜோ வடிவமைப்பு. அமெரிக்காவில் 1980-களின் கடைசியில் ஜீப் ராங்லரிலும் செரோக்கியிலும் இதே பியூஜோ பி.ஏ 10/5 பெட்டியைப் போட்டார்கள். பெரிய ஆறு சிலிண்டர் இன்ஜினுக்குப் பின்னால் அது தாங்கவில்லை என்று பெயர் கெட்டு, 1989-இல் ஐசின் ஏ.எக்ஸ் 15 பெட்டிக்கு மாறினார்கள். நம் ஜீப்புகளில் வருகிற 2,112 சி.சி எக்ஸ்.டி.பி டீசல் இன்ஜினுக்கு அவ்வளவு இழுவை இல்லை, அதனால் அந்தக் கெட்ட பெயரை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: அலுமினியக் கூடு, நீளவாக்கில் இரண்டு பாதியாகப் பிரியும். அடியில் பாறை இடித்தால் இரும்புக் கூடு தாங்குகிற அளவு தாங்காது, பிரித்துக் கோர்க்கும்போதும் அளவு பார்த்துக் கோர்க்கிற ஆள் வேண்டும். எல்லா மேஸ்திரியும் தொடுகிற பெட்டி இல்லை.

பொலிரோ, ஸ்கார்ப்பியோ பெட்டிகளை ஜீப்புக்கு மாற்றுவதும் நடக்கிறது. செய்ய முடியும். ஆனால் பெல் ஹவுசிங், கிளட்ச், டிரான்ஸ்பர் கேஸ், இரண்டு ஜாயின்ட் ஷாஃப்ட், கிராஸ் மெம்பர் என்று எல்லாம் சேர்ந்து மாறும். பெட்டி விலையைவிட லேத் பட்டறை பில் அதிகமாகும். டி.ஐ (டைரக்ட் இன்ஜெக்ஷன்) இன்ஜின் ஏற்கெனவே மாற்றிய வண்டியாக இருந்தால் மட்டும் அந்த இன்ஜினோடு வந்த பெட்டியை யோசிக்கலாம்.

பொருந்துமா?

காயலான் கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார், அப்படியே உட்காரும்" என்பார்கள். உட்காராது. பழைய பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள், முடியாவிட்டால் அளவுகளையாவது எழுதிக்கொண்டு போங்கள்.

முன்பக்கம் பார்க்க வேண்டியது டாப் ஷாஃப்டின் நீளம், அதன் நுனி பைலட் பேரிங்குக்குள் எவ்வளவு போகிறது, ஷாஃப்டில் நீளவாக்கில் வெட்டியிருக்கிற பள்ளங்கள் (ஸ்ப்லைன்) எத்தனை, பள்ளத்தின் தடிமன் என்ன என்பவை. உங்கள் கிளட்ச் பிளேட்டையே கொண்டுபோய் அந்த ஷாஃப்டில் கோர்த்துப் பார்த்துவிடலாம், வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆடக் கூடாது. அடுத்து பெட்டி முகத்தில் இருக்கிற பேரிங் ரீடெய்னர் வளையத்தின் வெளி விட்டம். அதுதான் பெல் ஹவுசிங் துளையில் உட்கார்ந்து பெட்டியை இன்ஜினின் நடுக்கோட்டில் நிறுத்துகிறது. அந்தத் துளை பெரிதாக இருந்தால் பெட்டி போல்ட்டில் மட்டும் தொங்கும், பேரிங் சீக்கிரம் சாகும், முன்பு சொன்ன 'கியர் கழல்வது' புதுப் பெட்டியிலும் வரும்.

பின்பக்கம் டானா 18-க்கு இன்னும் கவனம் வேண்டும். பெட்டியின் மெயின் ஷாஃப்ட் நேராக டிரான்ஸ்பர் கேஸுக்குள் நீட்டி, அதன் நுனியில் ஒரு கியரைப் பிடித்து நட்டு போட்டிருப்பார்கள். டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் இருக்கிற பி.டி.ஓ (வேறு கருவிக்குப் பவர் எடுக்கிற வாய்) மூடியைக் கழற்றினால் அந்த நட்டும் கியரும் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கியரின் பல் எண்ணிக்கை, ஷாஃப்ட் பள்ளம், கேஸ் முகத்தில் உள்ள வட்டத் துளையின் விட்டம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கியரைத் தனியாகத் தேடி அலைவதைவிட டிரான்ஸ்பர் கேஸோடு சேர்த்தே பெட்டியை வாங்கிவிடுவது நல்லது. உண்மையில் எப்போதுமே செட்டாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்: பெல் ஹவுசிங், கிளட்ச் ஃபோர்க், பெட்டி, லிவர், டிரான்ஸ்பர் கேஸ், முடிந்தால் ஜாயின்ட் ஷாஃப்டும். ஒரே வண்டியில் இருந்து இறக்கியது என்றால் இன்னும் நல்லது.

நீளம். இதை மறந்துவிடுவார்கள். புதுப் பெட்டி பழையதைவிட நாலு அங்குலம் நீளம் கூடுதல் என்றால் பின் ஷாஃப்டை நாலு அங்குலம் குறைக்க வேண்டும், முன் ஷாஃப்டை அவ்வளவு கூட்ட வேண்டும். சி.ஜே 3பி-யின் வீல் பேஸே 80 அங்குலம்தான், பின் ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டை. இன்னும் குறைத்தால் சாய்வு கூடும், குழியில் ஆக்ஸில் கீழே தொங்கும்போது கிராஸ் (ஷாஃப்டின் மூட்டு) இடிக்கும், மாதம் ஒரு கிராஸ் மாற்றுவீர்கள். 91 அங்குல எம்.எம் 540-இல் இந்தத் தொல்லை குறைவு, கமாண்டர், மேஜரில் கிட்டத்தட்ட இல்லை. சின்ன ஜீப்பில் நீளமான ஐந்து கியர் பெட்டியைப் போட வேண்டாம் என்பதற்கு இதுவே போதும்.

பின் டிஃப்ரென்ஷியல் நடுவிலா, ஒரு பக்கம் ஒதுங்கியா என்பதும் முக்கியம். டானா 18-இன் பின் ஷாஃப்ட் ஓரமாக வெளியே வருகிறது, பழைய ஆக்ஸிலும் அதற்கேற்ற மாதிரி ஒதுங்கி இருக்கும். நடுவில் ஷாஃப்ட் வருகிற வேறு டிரான்ஸ்பர் கேஸை அதோடு சேர்த்தால் ஷாஃப்ட் குறுக்கே சாய்ந்து ஓடும்.

ஹேண்ட் பிரேக்கை யாரும் கேட்பதில்லை. பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் இருக்கும், வீலில் இருக்காது. டிரான்ஸ்பர் கேஸை வேறு வகையாக மாற்றினால் ஹேண்ட் பிரேக்கும் அதோடு போயிற்று. மலையில் கல் வைத்து நிறுத்திக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லாதீர்கள், பின் வீலுக்கு ஹேண்ட் பிரேக் அமைக்க ஆகிற செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிளும் டானா 18-இல் டிரான்ஸ்பர் கேஸில்தான் இருக்கிறது. அதனால் பெட்டி மட்டும் மாற்றினால் ஸ்பீடோமீட்டர் மாறாது.

பழைய பெட்டியைக் கடையில் சோதிப்பது

சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம், இல்லை பஞ்சாப் எல்லையை ஒட்டிய ஹரியானா டப்வாலியில் இருந்து லாரியில் வரவழைப்பது என்று எந்த வழியில் வாங்கினாலும், பெட்டியைத் தரையில் வைத்து மேல் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம். புதுசாக பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிற்கிற பெட்டியைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். எண்ணெய் அழுக்கோடு இருக்கிற பெட்டியில் எங்கே ஒழுகியது, எங்கே வெல்டிங் என்று அழுக்கே காட்டிக்கொடுக்கும்.

உள்ளே முதல் கியர், ரிவர்ஸ் கியர் பல்லின் ஓரத்தைப் பாருங்கள். சோளம் கொறித்த மாதிரி மழுங்கியிருந்தால் அந்த வண்டியை ஓட்டியவர் ஓடும்போதே முதல் கியர் போட்டவர். சிங்க்ரோ ரிங்கைக் கியரின் கூம்போடு அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள், வழுக்காமல் பிடிக்க வேண்டும், ரிங்குக்கும் கியருக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். ரிங் கியரைத் தொட்டுவிட்டது என்றால் அது முடிந்துபோன ரிங். மெயின் ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். லே ஷாஃப்ட் கொத்தைத் திருகு உளியால் நெம்பி ஆட்டம் பாருங்கள்.

அப்புறம் விகிதம். கடைக்காரர் சொல்கிற பெயரை நம்ப வேண்டியதே இல்லை. முதல் கியரில் போட்டு, மெயின் ஷாஃப்ட் நுனியில் ஒரு கோடு, டாப் ஷாஃப்டில் ஒரு கோடு. பின்னால் ஒரு சுற்று வர முன்னால் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். இரண்டே முக்காலுக்கு மேல் ஒரு துளி என்றால் டி-90 கணக்கு. நாலை ஒட்டி வந்தால் மலைக்கு நல்லது. கடைசிக் கியரில் ஒரு சுற்றுக்கும் குறைவாக வந்தால் ஓவர்டிரைவ். ஐந்து நிமிஷ வேலை, இதைச் செய்கிறவரைக் கடைக்காரரும் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்ப்பார்.

கூட்டில் மவுண்டிங் காதுகள், டிரெய்ன் பிளக் ஓட்டை, பெல் ஹவுசிங் போல்ட் மரை ஆகிய இடங்களில் விரிசல் தேடுங்கள். டார்ச் அடித்து டீசலில் துடைத்தால் விரிசல் கோடாகத் தெரியும். பில் வாங்காமல் வராதீர்கள், எந்த வண்டியில் இருந்து இறக்கியது என்று அதில் எழுதச் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, கேரளாவில் ஜீப் மாற்றங்களைக் கண்டிப்பாகவே பார்க்கிறார்கள். அதே வகைப் பெட்டிக்கு அதே வகை என்றால் கவலை குறைவு. இன்ஜின், ஆக்ஸில் வரை மாறுகிறது என்றால் வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பெட்டியைத் திறந்து பேரிங், சீல், ரிங், ஊசி உருளை எல்லாம் புதுசு போட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். "ஓடுது, அப்படியே மாட்டிரலாம்" என்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள், இரண்டாம் தரம் இறக்குகிற கூலியே அந்தச் சாமான் விலையைத் தாண்டும். கட்டப்பனைப் பக்கம் மேஸ்திரியிடம் "சேட்டா, பழைய சாமான் எல்லாம் எடுத்து வையுங்க, நான் பாக்கணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் வேலை கொஞ்சம் நேர்மையாக நடக்கும்; தேனியில் அண்ணனிடமும் அதையே சொல்லலாம்.

ஏற்றும்போது

பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங் இரண்டையும் இப்போதே மாற்றுங்கள். ஃப்ளைவீல் முகம் நீலம் பூத்திருந்தால் லேத்தில் கொடுத்துத் தட்டையாக்குங்கள். கிளட்ச் பிளேட்டை நடுவாக நிறுத்த உங்கள் பழைய பெட்டியின் டாப் ஷாஃப்டே போதும், தூக்கி எறியாதீர்கள். பெட்டியைப் பாதி நுழைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அந்த எடை முழுவதும் கிளட்ச் பிளேட்டின் நடுவில் தொங்கி பிளேட் வளைந்துவிடும், பிறகு கிளட்ச் விடாது, பழி பெட்டி மேல் விழும். ஜாக் வைத்துத் தாங்கி, போல்ட் முடுக்கும்வரை கூடவே நில்லுங்கள். போல்ட்டை முடுக்கித்தான் பெட்டியை உள்ளே இழுக்க வேண்டியிருக்கிறது என்றால் எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம், நிறுத்திவிட்டு இறக்கிப் பாருங்கள்.

ஆயில் விஷயத்தில் ஒரு சண்டை எப்போதும் நடக்கும். டிஃப்ரென்ஷியலுக்கு ஊற்றுகிற ஜி.எல்-5 ஆயிலையே பெட்டிக்கும் ஊற்றிவிடுவார்கள், ஒரே டப்பா போதுமே என்று. ஜி.எல்-5-இல் அழுத்தம் தாங்குவதற்குச் சேர்க்கிற கந்தகச் சேர்மங்கள் அதிகம், அவை பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும். பெட்டிக்கு ஜி.எல்-4, 80டபிள்யூ-90 போதும். டானா 18-க்கும் பெட்டிக்கும் இடையே ஆயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கசிவது பழைய ஜீப்பில் வழக்கம், அதனால் இரண்டிலும் ஒரே ஆயில் ஊற்றி, இரண்டு மட்டத்தையும் சேர்த்தே பாருங்கள். ஒன்றில் குறைந்து மற்றதில் நிரம்பி வழிந்தால் இடையில் இருக்கிற சீல் போயிருக்கிறது.

முதல் ஓட்டத்துக்குக் காலி வண்டி. முதலில் சமதரையில் எல்லாக் கியரும், ரிவர்ஸும், லோவும், ஃபோர் வீலும் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஒரு நல்ல இறக்கத்தில் இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டு, லிவரில் கை வைக்காமல் இறங்குங்கள். கால் பிரேக் பெடல் மேலேயே இருக்கட்டும். கழலாமல் இறங்கினால் மறுபடி ஏறி லோடோடு ஒரு தரம். சுமார் 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை வடித்து, காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள், பெல் ஹவுசிங் போல்ட்டையும் டிரான்ஸ்பர் கேஸ் மவுண்ட் ரப்பர் நட்டையும் அப்போதே ஒரு தரம் முடுக்கிவிடுங்கள்.